ஊசிக்கு முன் ஸ்பிரிட் பஞ்சு: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

வாசகர் கேள்வி:

என் அப்பாவுக்கு 67 வயது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. ஆறு மாதமாகக் காலையும் இரவும் இன்சுலின் போடுகிறோம். ஒரு சில்வர் டப்பாவில் பஞ்சை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, தினமும் அதிலிருந்து எடுத்துத் துடைப்பது எங்கள் வழக்கம். போன மாதம் மெடிக்கல் ஷாப்பில் சின்ன ஃபாயில் பாக்கெட்டில் வரும் ஆல்கஹால் ஸ்வாப் வாங்கினேன். காலையில் பிரித்ததையே மடித்து வைத்து இரவுக்கும் பயன்படுத்தச் சொல்கிறார் அப்பா. அப்படிச் செய்யலாமா?

இன்னொன்று. வீட்டில் சுகர் பார்க்கும்போது விரலை ஸ்வாபால் துடைத்துத்தான் குத்துகிறோம். ஆனாலும் ஒரு நாள் மாலை 290 காட்டியது. அப்பா அப்போதுதான் பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்திருந்தார். ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை என்று சத்தியம் செய்கிறார். அம்மா நம்பவில்லை. கூடுதலாக இன்சுலின் போடலாமா என்று கேட்டார், நான் போடவில்லை.

லேபில் ரத்தம் எடுத்த பெண், ஸ்பிரிட் தடவிய பிறகு நரம்பை மறுபடி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குத்தினார். என் கைக்குழந்தைக்கு சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்ட நர்ஸ் ஸ்பிரிட்டே தொடவில்லை. எது சரி? அடுத்த மாதம் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். அதற்கு வீட்டிலேயே ஷேவ் செய்து அனுப்பலாமா?

– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பாவைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடலாம். அவர் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாம்பழம் நறுக்கிய கையில் பழச்சாறு ஒட்டியிருக்கும். குளுக்கோமீட்டருக்கு வேண்டியது மிகச் சின்ன ரத்தத் துளிதான். அந்தத் துளியில் விரலில் காய்ந்திருக்கும் பழச் சர்க்கரை கொஞ்சம் கலந்தாலும் ரீடிங் எகிறிவிடும். ஜப்பானில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரிக்கச் சொல்லிவிட்டு விரலில் சுகர் பார்த்தார்கள். கை கழுவாமல் பார்த்தபோது ரீடிங் மிக அதிகமாக வந்தது. ஆல்கஹால் ஸ்வாபால் துடைத்த பிறகும் அதிகமாகவே இருந்தது. குழாய்த் தண்ணீரில் கை கழுவிய பிறகுதான் சரியான அளவு கிடைத்தது. 2011-ல் வெளியான ஆய்வு அது.

ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். சர்க்கரையைக் கரைத்து அகற்றுவது தண்ணீரின் வேலை. அதனால் சுகர் பார்க்கும் முன் அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான துண்டில் ஈரம் போகத் துடைத்தால் போதும், ஸ்வாப் தேவையில்லை. கழுவ வழியில்லாத இடத்தில், பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ, ஸ்வாபால் துடைக்கலாம். ஆனால் விரல் நன்றாகக் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ரத்தம் துளியாக நிற்காமல் பரவும், ஸ்பிரிட் கலந்து நீர்த்தும் போகும். முதல் துளியைப் பஞ்சால் ஒற்றிவிட்டு இரண்டாவது துளியை ஸ்ட்ரிப்பில் வைப்பது இன்னும் நல்லது. சானிடைசர் ஜெல் தடவிவிட்டுச் சுகர் பார்க்காதீர்கள். அதில் இருக்கும் கிளிசரின் பிசுபிசுப்பு விரலிலேயே நிற்கும்.

நீங்கள் கூடுதல் இன்சுலின் போடாமல் நிறுத்தியது மிகச் சரியான முடிவு. உண்மையில் 140 இருக்கும் ஒருவருக்கு 290 என்று நம்பி யூனிட்டைக் கூட்டினால், நள்ளிரவில் சுகர் இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பிப் போகலாம். வயதானவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. ரீடிங் எதிர்பாராத அளவுக்குத் தாறுமாறாக இருந்தால், கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வேறு விரலில் இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அதிகமாகவே இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். யூனிட்டை நாமாகக் கூட்டக் கூடாது.

இனி இன்சுலின் ஊசி. சுத்தமான தோலில் இன்சுலின் போட ஸ்பிரிட் கட்டாயமில்லை. இதைச் சொன்னால் பலர் திடுக்கிடுகிறார்கள், அதனால் காரணத்தையும் சொல்கிறேன். இன்சுலின் ஊசி மிக மெல்லியது, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் மட்டும் போய் உடனே வெளியே வந்துவிடுகிறது. தோலில் எப்போதும் இருக்கும் கிருமிகளில் சில அதோடு உள்ளே போனாலும், அவ்வளவு குறைந்த எண்ணிக்கையை உடம்பே சமாளித்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 ஊசி வழிகாட்டுதலும் தோலடி ஊசிக்குச் சோப்பும் தண்ணீருமே போதும் என்கிறது. அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் போட்டிருந்த துணியின் மேலாகவே இன்சுலின் போட்டுப் பார்த்தார்கள். ஆய்வு முழுவதிலும் போட்ட 13,000-க்கும் மேற்பட்ட ஊசிகளில் அந்த இடத்தில் தொற்று எதுவும் வரவில்லை. இதைப் படித்துவிட்டு அப்பா வேட்டிக்கு மேலேயே போட ஆரம்பிக்க வேண்டாம். போடும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அங்கே வீக்கமோ தடிப்போ இருந்தால் தெரியாமல் போய்விடும்.

ஆகவே குளித்துவிட்டு வந்த வயிற்றில் அப்படியே போடலாம். வெயிலில் அலைந்து வியர்த்திருந்தால் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உங்கள் கையைக் கழுவுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஸ்வாப் போட்டால்தான் மனசு நிம்மதி என்றால் தாராளமாகப் போடுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் காயவிடுங்கள். அப்பா ‘சுரீர்’ என்று எரிகிறது என்பாரானால், பெரும்பாலும் காயாத ஸ்பிரிட் ஊசியோடு உள்ளே போவதுதான் காரணம்.

ஸ்வாப் அவசியமாகத் தேவைப்படும் ஓர் இடம் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்சுலின் பாட்டிலின் ரப்பர் மூடியும், பென் என்றால் ஊசி மாட்டும் முனையில் இருக்கும் ரப்பரும். ஒரே பாட்டிலில் பல நாள் ஊசி இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்து, காயவிட்டு, அப்புறம் ஊசியை இறக்குங்கள். ஸ்வாபுக்குச் செலவழிக்கும் காசில் மிச்சம் பிடிக்க முடிந்தால் அதைப் புது ஊசிகளுக்குப் போடுங்கள். மழுங்கிய ஊசியை நாள் கணக்கில் திரும்பத் திரும்பக் குத்துவதும், ஒரே இடத்தில் குத்துவதும்தான் நான் வார்டில் பார்க்கும் தடிப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம். அந்தத் தடிப்பில் போட்ட இன்சுலின் சரியாக ரத்தத்தில் சேராது. சுகர் ஏறி இறங்க அதுவும் ஒரு காரணம்.

சில்வர் டப்பா விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: இன்றைக்கே அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். பல கிளினிக்குகளிலும் இன்னும் அந்த டப்பா மேஜை மேல் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. மூடியைத் திறக்கத் திறக்க ஆல்கஹால் ஆவியாகி, மிஞ்சுவதில் தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கை உள்ளே போகிறது. மேல் பஞ்சை எடுக்கும் விரல் கீழே இருப்பதையும் தொடுகிறது. ஸ்பிரிட்டில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது நம் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. அது சரியில்லை. சில பாக்டீரியாக்கள் ஸ்போர் என்ற உறக்க நிலை வடிவத்தில் கடினமான ஓட்டுக்குள் இருக்கும். ஆல்கஹால் அவற்றை ஒன்றும் செய்யாது. பஞ்சை முன்கூட்டியே ஊறவைத்துச் சேமிக்கக் கூடாது என்று மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் வெளிப்படையாகத் தடை போடுகிறது. பஞ்சும் ஸ்பிரிட்டும்தான் கைவசம் என்றால், பஞ்சை உலர்வாக மூடி வைத்து, தேவைப்படும் நேரத்தில் ஒன்றை எடுத்து, பாட்டிலைச் சாய்த்து நனைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போர் சும்மா புத்தகத்தில் மட்டும் இருக்கும் சமாச்சாரம் அல்ல. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து நிறுவனம் ஒன்று, தான் தயாரித்த ஆல்கஹால் பேடுகளை, அதாவது ஸ்வாபுகளை, சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பேசிலஸ் சீரியஸ் என்ற ஸ்போர் உண்டாக்கும் பாக்டீரியா அவற்றில் இருக்கலாம் என்பதே காரணம். ஒவ்வொன்றாக ஃபாயிலில் அடைத்து, 70 சதவீத ஆல்கஹாலில் நனைந்து வந்த பேடுகள்தான் அவை. இதற்குப் பயந்து நீங்கள் ஸ்வாபே வாங்காமல் இருக்க வேண்டாம். பாக்கெட்டில் ‘ஸ்டெரைல்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்படி அச்சிட்டிருந்தால், ஆல்கஹாலில் நனைத்ததோடு நிறுத்தாமல், கதிர்வீச்சு மாதிரியான முறையில் கிருமி நீக்கமும் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லா ஸ்வாபும் அப்படி வருவதில்லை. வீட்டில் இன்சுலினுக்குச் சாதாரண ஸ்வாப் போதும். உடம்பின் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும், நாள் கணக்கில் நரம்பில் குழாய் இருப்பவர்களுக்கும் இந்த வித்தியாசம் பெரியது.

ஒரே பேடைக் காலையும் இரவும் பயன்படுத்துவதற்கு என் பதில், கூடாது. பிரித்த சில நிமிடங்களிலேயே அது காய்ந்துவிடும். ராத்திரி அப்பா கையில் இருப்பது ஆல்கஹால் பேடே அல்ல, காலை அழுக்கு ஒட்டிய வெறும் துணி. அதைத் தேய்ப்பதைவிடத் துடைக்காமல் போடுவது மேல். பிரிக்காத பாக்கெட்டிலும் கவனம் வேண்டும். ஃபாயிலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலே உள்ளே காய்ந்துவிடும். அமுக்கிப் பார்த்தால் ஈரம் தளும்புவது விரலுக்குத் தெரியும். மொடமொடவென்று இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

70 சதவீதம்தானா, இன்னும் ஸ்ட்ராங்காக இருந்தால் நல்லதில்லையா என்றும் பலர் கேட்கிறார்கள். ஆல்கஹால் கிருமியின் புரதத்தைச் சிதைத்துக் கொல்கிறது. அந்த வேலைக்குக் கொஞ்சம் தண்ணீர் கூட இருந்தாக வேண்டும். தூய ஆல்கஹால் வேலையை முடிக்கும் முன்பே ஆவியாகியும் போய்விடும். எனவே 60 முதல் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ எத்தில் ஆல்கஹாலோ என்று லேபிளில் இருப்பதை வாங்குங்கள். மெத்தனால் கலந்த எதையும் தோலில் தடவாதீர்கள், அது விஷம்.

துடைக்கும் முறையில் எல்லோரும் அவசரப்படுகிறோம். பேடைப் பிரித்து, குத்தப்போகும் இடத்தில் வைத்து, நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கொண்டு போங்கள். துடைத்த இடத்துக்குத் திரும்பி வரக் கூடாது, அது பெருக்கித் தள்ளிய குப்பையை மறுபடி வீட்டுக்குள் இழுப்பது போல. 30 நொடி துடைப்பது, அப்புறம் இன்னொரு 30 நொடி சும்மா இருப்பது. தோலில் அந்த ஈர மினுமினுப்பு மறைந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வாயால் ஊதாதீர்கள், கையால் விசிறாதீர்கள், உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுக்காதீர்கள். ஊதினால் வாயில் இருக்கும் கிருமி அங்கே போய் உட்காரும். ஒற்றி எடுத்தால் ஆல்கஹாலுக்கு வேலை செய்ய நேரமே இருக்காது. கிருமி சாவது நாம் தேய்க்கும்போது மட்டுமல்ல, அது காயும் நேரத்திலும்தான். பரபரப்பான ஓ.பி.யில் அந்த அரை நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது. எங்கள் பயிற்சி வகுப்புகளில் மற்ற எதையும்விட இதைத்தான் நான் அதிகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி லேப். நரம்பில் ஊசி போகும் இடத்தில் கதை வேறு. அங்கே ஸ்பிரிட் கட்டாயம் வேண்டும், துடைத்த பிறகு அந்த இடத்தைத் தொடக் கூடாது. நரம்பைத் தேடித் தட்டிப் பார்ப்பது எல்லாம் துடைப்பதற்கு முன்னால். மறுபடி தொட வேண்டி வந்துவிட்டால் மறுபடி துடைக்க வேண்டும். கிளவுஸ் போட்டிருந்தாலும் அதே விதிதான். அந்தக் கிளவுஸ் அதுவரை நாற்காலியையும், கையில் இறுக்கிக் கட்டும் டூர்னிகேட் பட்டையையும் தொட்டிருக்கிறது. அடுத்த முறை அப்படி நடந்தால் தயங்காமல், “சிஸ்டர், கை பட்டுருச்சு, இன்னொரு தடவை துடைச்சிடுங்க” என்று சொல்லுங்கள். நல்ல ஊழியர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

காய்ச்சலுக்கு ‘பிளட் கல்ச்சர்’ (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். தோலில் சாதுவாக இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமி ஊசி வழியாகப் பாட்டிலுக்குள் போய்விட்டால், ரத்தத்திலேயே கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வரும். இல்லாத நோய்க்கு ஆன்டிபயாடிக் ஏறும், ஆஸ்பத்திரியில் நாட்கள் கூடும். அதனால்தான் கல்ச்சருக்கும் ரத்த தானத்துக்கும் வெறும் ஸ்பிரிட்டோடு நிற்காமல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஆல்கஹாலைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். ஆல்கஹால் உடனே கொன்றுவிட்டுப் பறந்துவிடும். குளோர்ஹெக்சிடின் தோலில் தங்கி மணிக்கணக்கில் வேலை செய்யும். அதை முன்னும் பின்னுமாகத் தேய்க்கச் சொல்லித்தான் தயாரிப்பாளர்களே குறிப்பு தருகிறார்கள். நான் மேலே சொன்ன சுற்றுமுறைக்கு மாறாக அங்கே யாராவது தேய்த்தால் தப்பு என்று எண்ண வேண்டாம்.

உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட நர்ஸ் செய்ததில் தவறில்லை. தோல் சுத்தமாக இருந்தால் தடுப்பூசிக்கு ஸ்பிரிட் வேண்டியதில்லை, அழுக்கு இருந்தால் தண்ணீரில் துடைத்தால் போதும். பி.சி.ஜி. மாதிரி உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த தடுப்பூசிகளில், காயாத ஸ்பிரிட் மருந்தையே கெடுத்துவிடும் என்ற கவலையும் உண்டு. குழந்தையின் தோல் மெல்லியது. வீட்டில் நீங்களாக ஸ்பிரிட்டோ டெட்டாலோ தடவி அழைத்துப் போகாதீர்கள்.

கடைசியாக ஆபரேஷன். வீட்டில் ஷேவ் செய்ய வேண்டாம். பிளேடும் ரேசரும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், அந்தக் கீறலில் ஒரே ராத்திரியில் கிருமி பெருகும். முடியை எடுக்காமலே விடுவது நல்லது, எடுத்தே ஆக வேண்டுமானால் கிளிப்பரால் (முடியை ஒட்ட வெட்டும் மெஷின்) மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2016 பரிந்துரை. ஆஸ்பத்திரியில் ரேசரோடு யாராவது வந்தால், “கிளிப்பர் இருக்கா?” என்று கேளுங்கள். முந்தின இரவோ அன்று காலையோ அப்பா சோப்புப் போட்டு நன்றாகக் குளிக்கட்டும். தொப்புள், தொடை இடுக்கு இரண்டையும் மறக்காமல் தேய்க்கச் சொல்லுங்கள், ஹெர்னியா ஆபரேஷன் அந்தப் பக்கம்தான் நடக்கப் போகிறது. குளித்த பிறகு வயிற்றில் எண்ணெய், பவுடர், சந்தனம் எதுவும் வேண்டாம். நெற்றியில் விபூதி இட்டுக்கொள்வதில் பிரச்சினையில்லை.

தியேட்டரில் தோலைச் சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பு. அங்கே இந்தச் சின்னப் பேடுகளுக்கு வேலையில்லை, அதைவிடப் பெரிய பரப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். 2010-ல் அமெரிக்காவில் 849 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், பொவிடோன் அயோடின் (பெட்டாடின்) தடவியவர்களில் 16.1 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் இடத்தில் தொற்று வந்தது. குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் தடவியவர்களில் அது 9.5 சதவீதம். அதன் பிறகு பல ஆஸ்பத்திரிகள் இரண்டாவதற்கு மாறிவிட்டன. அதற்காகப் பெட்டாடின் தடவினால் பயப்பட வேண்டாம். கண் போன்ற இடங்களில் குளோர்ஹெக்சிடின் படவே கூடாது, அங்கே அயோடின்தான். எதைத் தடவினாலும் முழுக்கக் காய வேண்டும். ஆல்கஹால் ஈரமாக இருக்கும்போது தீப்பொறி தரும் கருவியைத் தொட்டால் பற்றிக்கொள்ளும், அப்படித் தீ விபத்துகள் நடந்திருக்கின்றன.

அப்பாவுக்கு முன்பு ஏதாவது மருந்து தடவி உடம்பெல்லாம் தடித்ததோ, மூச்சு முட்டியதோ உண்டா என்று கேட்டு, இருந்தால் டாக்டரிடமும் மயக்க டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளோர்ஹெக்சிடினுக்கு அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் எச்சரித்திருக்கிறது. மீன், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெட்டாடினும் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதைச் சொல்லி ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து கையில் வென்ஃப்ளானோடு (மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் சின்னக் குழாய்) வார்டுக்கு வருவார். அதில் மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்த மூடியை ஸ்பிரிட்டால் தேய்த்துக் காயவிட்ட பிறகுதான் சிரிஞ்சை வைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அதைக் கவனியுங்கள். ஊசி இருக்கும் இடம் சிவந்தாலோ, வலித்தாலோ, வீங்கினாலோ காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். வீடு திரும்பிய பிறகு தையலில் டெட்டாலோ ஸ்பிரிட்டோ ஊற்ற வேண்டாம், டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் செய்யுங்கள். நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சுகர் திடீரென்று ஏறினாலோ அன்றைக்கே காட்டுங்கள். கை கழுவிவிட்டுப் பார்த்த சுகராக அது இருக்கட்டும்.